இனி குணமாகாது என்று தெரிந்த பிறகு: வென்டிலேட்டர், மார்பின், லிவிங் வில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் முற்றியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் குழு ஒன்றில் சில வருடங்களாகத் தொண்டராக இருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. நர்ஸ் அக்கா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன், புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுப்பேன், அவ்வளவுதான் என் வேலை. கீழே இருக்கும் கேள்விகள் எல்லாம் அந்த வீடுகளில் என்னிடம் கேட்கப்பட்டவை. இவற்றில் ஏறக்குறைய எதுவுமே கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்கப்பட்டதில்லை. கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்து, நான் செருப்பை மாட்டும் நேரத்தில், உள்ளே படுத்திருப்பவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கமே இதுதான். யாருடைய உயிரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கேட்கிறோம்.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

"ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் அது உண்மை இல்லை. நோயைக் குணப்படுத்த வழி இல்லாமல் போகலாம். ஆனால் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், படுக்கைப்புண், தூக்கமின்மை, பயம் என்று ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பல்லியேட்டிவ் கேர் என்பது இதைத்தான், தமிழில் நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறார்கள். சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி, முதலில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டரானவர், 1967இல் லண்டனில் சாகப்போகிறவர்களைக் கவனிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். சாகப்போகிறவரின் வலியில் உடம்பு வலி ஒரு பங்குதான், குடும்பக் கவலை, பணக் கவலை, "ஏன் எனக்கு" என்ற கேள்வி எல்லாம் அதற்குள் கிடக்கிறது என்று அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் இன்றைக்கும் இந்தத் துறை நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வேலை, பிறகு கேரளா முழுவதும் பரவி, அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போகும் பழக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், 104 எண்ணிலும் விசாரிக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: "வலி வந்தால் என்ன கொடுப்பது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?" இதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால்தான் அது கைவிடுவது.

வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் நாங்களே கொன்ற மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்விக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. நுரையீரல் புற்றுநோய், கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. ஒரு ராத்திரி மூச்சு முட்டியதும் தூக்கிக்கொண்டு ஓடினோம், தொண்டையில் குழாய் போட்டார்கள், அதற்குப் பிறகு 19 நாள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணால் என்னிடம் எதையோ சொல்லப் பார்ப்பார், நான் "சரியாயிடும்ப்பா" என்பேன். சரியாகாது என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். "நிறுத்திக்கலாமா" என்று யாரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் நாம்தான் கொன்றோம் என்று ஆகிவிடுமோ என்ற பயம். உடம்பு முடியாமல் போவதற்கு முன்னால் அப்பாவே இரண்டு மூன்று தடவை "என்னை வீட்டுத் திண்ணையில் போட்டு வை, போதும்" என்று சொல்லியிருந்தார். அதையும் நாங்கள் விரக்தியில் பேசுகிறார் என்று தள்ளிவிட்டோம்.

அப்பாவைக் கொன்றது புற்றுநோய். அந்தக் குழாயை 5ஆவது நாளில் எடுத்திருந்தாலும் கொன்றது புற்றுநோயாகத்தான் இருந்திருக்கும். வென்டிலேட்டர் ஒரு பாலம் மாதிரி. நிமோனியாவோ பாம்புக்கடியோ என்றால், உடம்பு தேறும் வரைக்கும் மூச்சைத் தாங்கிப் பிடித்து அக்கரை சேர்க்கும். அக்கரையே இல்லாதபோது அது நோயாளியை ஆற்றுக்கு நடுவில் நிறுத்தி வைக்கிறது. இயற்கையாக நடக்கப்போகிற மரணத்துக்குக் குறுக்கே வைத்ததை எடுப்பது வேறு, நன்றாக மூச்சு விடுகிறவருக்கு விஷ ஊசி போடுவது வேறு. முதலாவதில் நோக்கம் துன்பத்தை நீட்டாமல் இருப்பது, இரண்டாவதில் நோக்கம் சாவு. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வாதாடும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளவும் முடியாது. ஆனாலும் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்று. ஆரம்பிக்காமல் விடுவதும், ஆரம்பித்ததைப் பயனில்லை என்று தெரிந்ததும் நிறுத்துவதும் தர்மப்படி ஒன்றுதான் என்று மருத்துவ அறவியலில் சொல்கிறார்கள். மனசுக்கு இரண்டாவது மிகவும் கனமாக இருக்கும், அது இயல்பு. "மூணு நாள் வைத்துப் பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் எடுத்துவிடலாம்" என்று முதல் நாளே டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டால் அந்தக் கனம் கொஞ்சம் குறையும்.

இந்தியாவில் கருணைக்கொலை சட்டப்படி செல்லுமா?

ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை எடுப்பது செல்லாது, யார் கேட்டுக்கொண்டாலும் அது குற்றம்தான். பயனில்லாத உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் நிறுத்துவதும் செல்லும், அதற்கென்று முறை இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே வேலை செய்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். அதற்குப் பிறகு 42 வருடம் அதே மருத்துவமனையில் படுத்திருந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவாக ஒப்புக்கொண்டது, ஆனால் அருணாவுக்கு மட்டும் மறுத்தது. காரணம், அத்தனை வருடமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட கேஇஎம் நர்ஸுகள் அவர் வாழட்டும் என்றார்கள், அவர்களைத்தான் நெருங்கிய உறவாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் இறந்தார். பிங்கி விரானி பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்த நர்ஸுகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கமும் அன்பில்தான் பேசினார்கள். அருணா என்ன நினைத்தார் என்பதுதான் யாருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் அமைப்பு போட்ட வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் சொல்லப்படும் வாழ்வுரிமைக்குள்ளேயே அடங்கும் என்றது, கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே லிவிங் வில் எழுதி வைப்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என்று அதில் இருந்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாததாக இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை இளக்கினார்கள். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை மருத்துவமனைகளில் எப்படி நடத்துவது என்று சுற்றறிக்கையே விட்டது. தீர்ப்பு நாடு முழுவதற்கும் உரியது, தமிழ்நாட்டில் நாமும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

வெளிநாட்டில் ஊசி போட்டே முடித்துக்கொள்ளலாமாமே? அது இங்கேயும் வந்தால் நல்லதுதானே?

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் நிபந்தனைகளோடு உண்டு, கனடாவில் 2016 முதல். ஸ்விட்சர்லாந்தில் டாக்டர் ஊசி போட முடியாது, நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்கள் கனடாவிலும் ஸ்விட்சர்லாந்திலும் நிறையப் பேர் வயதாகிக்கொண்டிருப்பதால் அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் செய்தி இல்லை.

என் கருத்தைக் கேட்டால், இங்கே இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாங்க முடியாத துன்பத்தில் தெளிவாகக் கேட்கும் ஒருவருக்கு அந்த வழி இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கனடாவில் 2021இல் மரணம் நெருங்காதவர்களுக்கும் அந்த வாசலைத் திறந்தபோது, "வாழ்வதற்கு உதவி கேட்டால் இழுத்தடிக்கிறீர்கள், சாவதற்கு மட்டும் சீக்கிரம் உதவுகிறீர்கள்" என்று மாற்றுத்திறனாளிகள் எதிர்த்தார்கள். வலி மாத்திரையே கிடைக்காத ஒரு ஊரில், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று தினமும் குமைகிற ஒரு அம்மாவிடம் போய் இதை ஒரு தேர்வாக நீட்டினால், அவர் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது?

தலைக்கூத்தல் நம்ம பக்கம் இருக்கிறதே, அதுவும் கருணைதானே?

விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்தில் நடந்ததாகப் பேசப்படும் வழக்கம் இது. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை எண்ணெய்க் குளியல் போட்டு, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. வறுமை, பார்க்க ஆள் இல்லாமை, கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலைமை, இதெல்லாம் எனக்குப் புரிகிறது, அந்தக் குடும்பங்களை ராட்சசர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது கொலைதான். சிகிச்சையை நிறுத்துவதோடு இதைச் சேர்த்துப் பேசவே கூடாது. முக்கியமாக, அந்த முதியவர் நோயின் கடைசிக் கட்டத்தில்கூட இருக்க வேண்டியதில்லை, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கலாம், யாராவது பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். யாரும் அவரைக் கேட்பதில்லை. சில நேரம் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, அதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

மூளைச்சாவு என்கிறார்கள். அதுவும் கோமாவும் ஒன்றா?

இல்லை. மூளைச்சாவு என்றால் மூளைத்தண்டு நிரந்தரமாகச் செயலிழந்து, அந்த ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம், இதயம் மட்டும் இயந்திரத்தின் தயவில் துடிக்கிறது. 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி டாக்டர்கள் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துத்தான் இதை உறுதி செய்ய வேண்டும். 2008இல் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்தபோதுதான் தமிழ்நாட்டில் இந்தச் சொல்லே வீட்டுக்கு வீடு தெரிந்தது. கோமாவும், அருணாவுக்கு இருந்த நிலையும் வேறு. அங்கே ஆள் உயிரோடு இருக்கிறார்.

மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாராமே?

வாசலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, இதனால்தான் நிறைய வீடுகளில் வலி மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது, நோயாளி தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் சொன்ன அளவில், குறைந்த அளவில் தொடங்கி வலிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போனால் மார்பின் உயிரைப் பறிப்பதில்லை. சாதாரண மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னாலேயே. முதல் ஓரிரு நாள் தூக்கமாக இருக்கும், குமட்டலாம், அப்புறம் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, கூடவே மலமிளக்கி மருந்து கண்டிப்பாக வேண்டும். அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம், வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்கிறவர் போதைக்காக எடுக்கிறவர் இல்லை.

நம் நாட்டில் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அவ்வளவு கெடுபிடியாக இருந்ததில் ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் மார்பின் வைப்பதையே நிறுத்திவிட்டன, ஒரு தலைமுறை டாக்டர்களுக்கு அதை எழுதிக் கொடுத்துப் பழக்கமே இல்லாமல் போனது. 2014இல் சட்டத்தைத் திருத்தி இளக்கிய பிறகும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மார்பின் எடுக்கும் அபினை அரசு அனுமதியோடு விளைவிக்கிற நாடு நம்முடையது, இங்கே ஒரு புற்றுநோயாளி வலியில் கத்திக்கொண்டே சாகிறார் என்றால் எனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது. உயிரை நீட்டுவதா முடிப்பதா என்று அறம் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

ஒருவேளை கடைசி நேரத்தில் வலியை அடக்கக் கொடுத்த மருந்தால் சில மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால்? நோக்கம் வலியை அடக்குவது, அளவும் அதற்கு ஏற்றதுதான் என்றால் அதில் குற்றம் இல்லை. 1957இலேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார், அசாதாரணமான வழிகளில் உயிரை இழுத்துப் பிடிக்கும் கட்டாயம் இல்லை என்றும் அதே வருடம் சொன்னார். கிறிஸ்தவ வீடுகளில் இதைச் சொன்னால் பலருக்கு மனசு லேசாகிறது.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். மூக்கில் குழாய் போட்டாவது கொடுக்கலாமா? பட்டினி போட்டுக் கொன்றதாக ஆகிவிடாதா?

தொண்டையில் கட்டி இருந்து, ஆனால் நடந்து திரிந்து இன்னும் பல மாதம் இருக்கப்போகிறவர் என்றால் குழாய் பெரிய உதவி. நான் சொல்வது கடைசி நாட்கள், கடைசி வாரங்களைப் பற்றி. உடம்பு தானாகவே கடையைக் கட்டத் தொடங்கும்போது பசி போய்விடும். சாப்பிடாததால் சாகவில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. அப்போது கட்டாயப்படுத்தி ஊற்றினால் வயிறு உப்பும், வாந்தி வரும், நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். சலைன் ஏற்றிக்கொண்டே இருந்தால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். நம் ஊரில் அன்பு என்பதே சோறுதான், "ஒரு வாய்" என்று கெஞ்சாமல் இருக்க ஒரு அம்மாவால் முடியாது, ஒரு மகளாலும் முடியாது. அதனால் நான் சொல்வது: கேட்டால் கொடுங்கள், ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் கேட்டால் சர்க்கரை நோய் என்று யோசிக்காமல் கொடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள், வாயைச் சுத்தமாக வையுங்கள். அதுவும் ஊட்டுவதுதான்.

உயிர் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்று மண் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள்...

நிலத்து மேல் ஆசை என்றால் மண், பொன் மேல் ஆசை என்றால் நகையை உரசிய தண்ணீர், அப்புறம் பால். செய்ய வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சுற்றி நிற்கிறவர்களுக்கு விடை கொடுக்க ஏதாவது ஒரு செயல் வேண்டியிருக்கிறது. ஆனால் நினைவில்லாதவருக்கு விழுங்க வராது, வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் அவர் திணறுவார். உதட்டில் ஒரு சொட்டுத் தொட்டு வையுங்கள், சடங்கு நிறைவேறிவிட்டது. தொண்டையில் கொரகொர என்று சத்தம் வருவது கேட்கிறவர்களுக்குத்தான் பயங்கரம், அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நர்ஸிடம் சொன்னால் சளியைக் குறைக்க மருந்து இருக்கிறது. பேசிக்கொண்டே இருங்கள், கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள்.

"என்னை எப்படியாவது முடிச்சிடுங்க" என்று அம்மா தினமும் சொல்கிறார். என்ன செய்வது?

முதலில், "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை மூடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "எது ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?" என்று கேளுங்கள். வலியாக இருக்கலாம், மகன் முன்னால் துணி மாற்றுவதில் இருக்கும் கூச்சமாக இருக்கலாம், பணம் கரைகிறதே என்ற பதைப்பாக இருக்கலாம், மருந்து கொடுத்தால் சரியாகக்கூடிய மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு பாட்டி இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வாய்ப்புண்ணுக்கு மருந்து போட்டு, ராத்திரி வலி நின்று, இரண்டு நாள் தூங்கி எழுந்ததும் அந்தப் பேச்சே நின்றது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. தானே ஏதாவது செய்துகொள்வாரோ என்று உங்களுக்குத் தோன்றினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள், மருந்துகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கவனித்துக்கொள்கிற நீங்களும் பேசலாம்.

எல்லாம் செய்தும் அடங்காத துன்பம் சிலருக்கு உண்டு. அப்போது நினைவைக் குறைத்துத் தூங்க வைக்கும் மருந்து கொடுப்பார்கள், அதுவும் சிகிச்சைதான், கருணைக்கொலை இல்லை.

வடக்கிருத்தல் நம் மரபில்தானே இருந்தது?

வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விடும் அந்த வழக்கம் இருந்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், பார்த்தே பழகாத பிசிராந்தையார் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் நாம் பள்ளியில் படித்ததுதான். ஜைனர்கள் இதே போல உண்ணாமல் உயிர் விடும் சல்லேகனையை 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலை என்று தடுத்தது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. இதை எல்லாம் வைத்து இன்றைய ஐசியூ கேள்விக்கு நேரடியாகப் பதில் எடுக்க முடியாது. அந்த மனிதர்கள் தாங்களே முடிவு செய்தார்கள் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

லிவிங் வில் எழுதுவது எப்படி?

18 வயது முடிந்த, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம், நோய் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இல்லை. தமிழிலேயே எழுதலாம். குணமாகாத நிலையில், நானே சொல்ல முடியாத நிலையில் இருக்கும்போது வென்டிலேட்டர், நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர், டயாலிசிஸ், குழாய் உணவு இவற்றில் எது வேண்டும் எது வேண்டாம் என்று குழப்பம் இல்லாமல் எழுத வேண்டும், தெளிவில்லாமல் எழுதினால் அதை ஏற்க மாட்டார்கள். உங்கள் சார்பில் முடிவு சொல்ல யார் என்று பெயர் போடுங்கள், ஒருவருக்கு மேலும் போடலாம். இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். ஒரு பிரதி பெயர் போட்டவரிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கான அதிகாரியிடம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். அந்த அதிகாரி யார் என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டால் முழிப்பார்கள், அதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பெட்டியில் பூட்டி வைக்கவும் செய்யாதீர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் அது கையில் இருக்க வேண்டும்.

அப்பா ஒன்றும் எழுதி வைக்கவில்லை. இப்போது நினைவும் இல்லை. அப்புறம்?

குடும்பத்தின் சம்மதத்தோடு அதே முறையில் செய்யலாம். சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் குறைந்தது 5 வருட அனுபவம் உள்ள இரண்டு பேரும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துக்கொண்டால், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செயல்படுத்தலாம். குழுக்கள் ஒத்துப்போகவில்லை என்றால் உயர் நீதிமன்றம் போகலாம். நினைவோடு, புரிந்து பேசும் நிலையில் நோயாளி இருக்கிறார் என்றால் அவரே வேண்டாம் என்று மறுக்கலாம்.

பல இடங்களில் இதெல்லாம் நடப்பதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, "எங்கள் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி, ஆம்புலன்ஸில் கையால் மூச்சுக் கொடுக்கும் அம்புபேக்கை அழுத்திக்கொண்டே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மருந்தும் இல்லை, நர்ஸும் இல்லை, மூச்சுத்திணறலோடு அந்த ஆள் கடைசி மணி நேரத்தைக் கழிக்கிறார். சட்டத்துக்குப் பயந்து செய்கிற இந்த வேலை எந்த அறத்திலும் சேராது.

பணம் இல்லாததால் நிறுத்துகிறோம். பாவம்தானே?

குணமாகக்கூடிய நோயில் பணத்துக்காக நிறுத்த வேண்டியிருந்தால் அது நாட்டின் பாவம், உங்களுடையது இல்லை. அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா, முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று கேட்டுவிட்டு முடிவு எடுங்கள். குணமாகாத நோயில், நாலு நாள் மூச்சுக்காக வீட்டை விற்க வேண்டாம் என்று நோயாளியே நினைத்தால், அது அவருடைய அன்பு. அதை மதிக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி வரும் வரைக்கும் வைத்திருக்கச் சொல்கிறான். வைக்கலாமா?

ஒரு நாள், இரண்டு நாள், நோயாளிக்கு வலி இல்லாதபடி பார்த்துக்கொண்டால், வைக்கலாம். வாரக்கணக்கில் என்றால் யாருக்காக வைக்கிறோம் என்று தம்பியிடம் நேராகப் பேசுங்கள். தூரத்தில் இருக்கிறவர்தான் "எல்லாம் பண்ணுங்க" என்று அதிகம் சொல்வார், கூட இருந்து பார்க்காத குற்றவுணர்ச்சி அது, கோபப்படாதீர்கள். வீடியோ காலில் டாக்டரோடு பேச வையுங்கள், அம்மாவின் காதில் போனை வையுங்கள்.

அவரிடமே கேட்கச் சொல்கிறீர்கள். உண்மை தெரிந்தால் உடைந்துவிட மாட்டாரா? எப்படி வாயைத் திறப்பது?

பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட்டை மறைப்பீர்கள், முகத்தை மறைக்க முடியாது. அவர் உங்களைக் காப்பாற்ற நடிக்கிறார், நீங்கள் அவரைக் காப்பாற்ற நடிக்கிறீர்கள், இரண்டு பேரும் தனித்தனியாக அழுகிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் பேச்சை மாற்றுவார், அதுவும் அவர் உரிமை. பேச வந்தால் "எதை நினைச்சா பயமா இருக்கு?", "ஆஸ்பத்திரியா, வீடா?", "உங்களால சொல்ல முடியாம போனா யார் சொல்றதைக் கேட்கணும்?" இந்த மூன்று கேள்வியும் போதும்.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மாவுக்கும் புற்றுநோய் வந்தது, கருப்பையில். இந்தத் தடவை நான் கேட்டேன். "எதை நினைச்சா பயமா இருக்கு பெரியம்மா?" சாவை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், என்ன ஆறுதல் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர், "ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் மூச்சு முட்டுச்சுன்னா, கூப்பிடக் குரல் வரலைன்னா?" என்றார். அன்றைக்கே பின்கட்டு அறையிலிருந்து கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். என் அக்கா கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தோம், தட்டினால் எழுந்துவிடலாம் என்று. கடைசி இரண்டு மாதத்தில் அவர் அதை மூன்று தடவைதான் தட்டினார், அதில் ஒரு தடவை அக்காவுக்குப் போர்வை விலகியிருக்கிறது என்று சொல்வதற்காக.